திருகோணமலைக் கேத்திலும் ரொறன்ரோ மின்சாரமும்

அன்புள்ள தம்பிக்கு,

ஊரில் வாங்கிய 2000 வாற்றுக் கேத்திலையும் மிக்சியையும் திருகோணமலை உப்புவெளியிலிருந்து அம்மா அனுப்பிவைத்தால் பிளக்கை மட்டும் மாற்றி ரொறன்ரோவில் பாவிக்கலாமா என்றும், இங்கே மலிவாகக் கண்ட 1500 வாற்றுக் கேத்தில் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதால் பயனில்லை, இரண்டாவது ஆபத்து. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஓமின் விதியே இதற்கான காரணத்தைக் காட்டப் போதும்.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்சு; கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்சு. கேத்திலின் அடியில் பொறித்திருக்கும் 2000 வாற்று என்பது 230 வோல்ற்றில் மட்டுமே கிடைக்கும் வலுவாகும். வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்குவதே வலு என்பதால், 2000ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டம் வரும். ஓமின் விதிப்படி வோல்ற்றளவை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால், கேத்திலின் சூடாக்கும் சுருள் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை 26.4 ஓம். சூடேறும்போது சுருளின் தடை சிறிதளவே மாறுவதால், கேத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த 26.4 ஓமும் கூடவே போகும். இங்கே 120ஐ 26.4ஆல் வகுக்க 4.54 அம்பியர்தான் ஓடும். வலு ஏறத்தாழ 545 வாற்று. வோல்ற்றளவு ஏறக்குறையப் பாதியாகும்போது மின்னோட்டமும் அவ்வாறே குறைவதால், வலு கால்வாசியளவுக்கு இறங்கிவிடுகிறது. ஊரில் இரண்டரை நிமிடத்தில் கொதித்த ஒரு லீற்றர் தண்ணீர் இங்கே ஒன்பது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். குளிர்காலத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் இன்னும் கூடும்.

இனி எதிர்த்திசைக் கணக்கைப் பாருங்கள். கனடாவின் 1500 வாற்றுக் கேத்தில் 120 வோல்ற்றில் 12.5 அம்பியர் எடுக்கிறது. அதன் தடை 9.6 ஓம். உப்புவெளியில் 230 வோல்ற்றில் செருகினால் 24 அம்பியர் ஓடும், வலு 5500 வாற்றைத் தாண்டும். ஊரில் நாம் பாவிக்கும் 13 அம்பியர் பிளக்கானாலும் 15 அம்பியர் உருளைப் பின் பிளக்கானாலும் இதைத் தாங்காது. பியூஸ் போனால் நல்ல காலம், போகாவிட்டால் கேத்தில் எரியும். அடப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ற்றளவை மாற்றாது என்பதை அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

மிக்சியின் கதை வேறு. மோட்டாரை வெறும் தடையாக எண்ணிக் கணக்கிட முடியாது. 600 வாற்று மிக்சிக்கு வோல்ற்றளவை உயர்த்தும் டிரான்ஸ்போமர் வைத்தால், சுவர்ப் பக்கத்தில் குறைந்தது 5 அம்பியர் வேண்டும். மோட்டார் புறப்படும் கணத்தில் அதைவிடப் பன்மடங்கு இழுக்கும் என்பதால் டிரான்ஸ்போமரின் கொள்ளளவு 1000 வாற்றுக்குக் குறையக் கூடாது. அவ்வளவு பாரமான இரும்புப் பெட்டியைச் சமையலறையில் வைத்திருப்பதைவிட, ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் இங்குள்ள வோல்ற்றளவுக்கென்றே செய்த மிக்சியை வாங்குவது புத்தி என்பது என் அபிப்பிராயம். கனடாவில் ஏற்கப்பட்ட பாதுகாப்பு முத்திரை அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கைத்தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ற்று வரை, 50/60 ஹேர்ட்சு என்று எழுதியிருந்தால் அவற்றைத் தயங்காமல் கொண்டுவரலாம். அவற்றுக்கு அடப்டர் மட்டுமே போதும். பொதியில் கேத்திலுக்கு ஒதுக்கிய இடத்தில் அம்மா மிளகாய்த்தூள் வைக்கட்டும்.