கண்டன்சேட் வாயுவைச் சோதிப்பது எப்படி? நம்மூர்க்காரர்கள் கேட்டவை

வளைகுடாவில் எண்ணெய், வாயு மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் இருந்துவிட்டு மார்த்தாண்டம் வந்து சேர்ந்தவன் நான். கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை.

தக்கலை, பாலிடெக்னிக் மாணவர்: அண்ணே, வாயுக் கிணற்றில் பெட்ரோல் மாதிரி திரவம் எப்படி வருகிறது?

வீட்டு கேஸ் சிலிண்டரில் அழுத்தினால் திரவம், திறந்துவிட்டால் வாயு. இங்கே நேர் தலைகீழ், தம்பி. பூமிக்கடியில் அழுத்தம் அதிகமாக இருக்கும்வரை கனமான ஹைட்ரோகார்பன்களும் வாயுவோடு வாயுவாகக் கலந்து கிடக்கும். கிணறு ஓட ஓட அழுத்தம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் அவை கண்டன்சேட் என்ற திரவத் துளிகளாகப் பிரியும். அந்த அளவுதான் பனிநிலை அழுத்தம். இந்தத் தலைகீழ்க் குணத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கியூனன் என்ற டச்சு இயற்பியலாளர் விளக்கிவிட்டார்.

குலசேகரம், ரப்பர் விவசாயி: மகன் கத்தாரில் இந்த வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மிஷினில் போட்டால் ரிசல்ட் வந்துவிடும் என்கிறான். அவ்வளவுதானா?

உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி! ரப்பர் பால் பேரலைக் கலக்காமல் மேலாக மொண்டு டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பர் அளவு) பார்த்தால் சரியாக வருமா? இதுவும் அப்படித்தான். மேலே செப்பரேட்டரில் வாயுவைத் தனியாகவும் திரவத்தைத் தனியாகவும் பிடிப்பார்கள். கிணறு சீராக ஓடும்போது அளந்த விகிதத்தில் ஆய்வகத்தில் இரண்டையும் திரும்பக் கலக்க வேண்டும். விகிதம் பிசகினால் அது வேறு கிணற்றின் வாயு மாதிரிதான்.

நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். சூடான செப்பரேட்டரில் பிடித்த வாயு சிலிண்டர், ஏசி அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்தது. காலையில் அதைச் சூடாக்காமலே திறந்து, வாயுவில் என்னென்ன எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராஃபில் விட்டேன். கனமானவை குளிரில் திரவமாகிச் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிட்டன. முடிவில் அவை குறைந்தே காட்டின. பனிநிலை அழுத்தத்தை ஆட்டிவைப்பதே அந்தக் கனமான கொஞ்சம்தான். மகனிடம் சொல்லுங்கள்: சிலிண்டர் வந்ததும் முதலில் அதன் அழுத்தத்தைப் பார்க்கட்டும், கசிவு இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம் சூடாக்கட்டும். மிஷின் அதற்குப் பிறகு.

நாகர்கோவில், வேதியியல் ஆசிரியை: பனிநிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

கண்ணால்தான், டீச்சர். எண்ணெயில் வாயு பிரியத் தொடங்கும்போது அழுத்தம்-கனஅளவு கோடு பளிச்சென்று மடியும். கண்டன்சேட்டில் அந்த மடிப்பு தெரியாது. அதனால் சஃபையர் சன்னல் வைத்த பிவிடி செல்லை (அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றையும் பார்க்கும் கலம்) பூமிக்கடியில் வாயு கிடக்கும் ரிசர்வாயரின் வெப்பநிலையில் வைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முதல் மூடுபனி எப்போது தெரிகிறது என்று பார்ப்போம். எதையும் வெளியே விடாமல் செய்வது ஒரு சோதனை. இன்னொன்றில், ஒவ்வொரு படியிலும் அழுத்தத்தை இறக்கி, செல் பழைய கனஅளவுக்குத் திரும்பும் அளவுக்கு வாயுவை மட்டும் வெளியேற்றி, அதைப் பகுத்துப் பார்ப்போம். பூமிக்கடியிலும் வாயுதான் வெளியே போகும், பிரிந்த திரவத்தில் பெரும்பகுதி பாறையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் போலவே செய்து பார்ப்பது இது. எனக்குப் பிடித்த சோதனையும் இதுதான்.

அதே ஆசிரியை: செல்லில் திரவம் ஒரு சதவீதம்தான் என்றால் கவலை இல்லையே?

அங்கேதான் ஏமாறுவோம். இந்தோனேசியாவின் அருண் வயலில் ஆய்வகம் காட்டிய திரவம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். ஆனால் கிணறுகளின் உற்பத்தித்திறன் பாதி அளவுக்குக் குறைந்தது. கிணற்றைச் சுற்றித்தான் அழுத்தம் அதிகமாக விழும். கடந்து போகிற வாயு எல்லாம் அங்கேயே திரவத்தைச் சேர்த்துவிட்டுப் போகும், வாய்க்காலில் சேறு அடைப்பது போல.

கருங்கல், வாசகர்: செல்லில் அழுத்தம் கொடுக்கப் பாதரசம் பயன்படுத்துவார்களாமே?

பழைய செல்களில் உண்டு. உடம்புக்குக் கேடு என்று பிஸ்டனுக்கு மாறிவிட்டார்கள்.

குளச்சல், மீனவர்: நாங்கள் மீன்பிடிக்கும் வாட்ஜ் பேங்க் கடல் பக்கம் அடியில் கண்டன்சேட் இருக்கிறதா என்று உங்கள் ஆய்வகம் சொல்லுமா?

சொல்லாது அண்ணே. கிணறு தோண்டி மாதிரி கையில் வந்த பிறகுதான் எங்கள் வேலையே தொடங்கும். அங்கே தோண்டலாமா வேண்டாமா என்ற கேள்விக்கும் பிவிடி செல்லில் பதில் கிடையாது.