செப்டிக் டேங்க் நைட்ரஜன் கிணற்றை எட்டுமா? கேள்வி பதில்

கேள்வி: டேங்கிலேயே நைட்ரஜன் சிதைந்துவிடாதா?

பதில்: இல்லை. கசடோடு கொஞ்சம் தங்கும், மீதி பெரும்பாலும் அம்மோனியமாக வெளியேறும். உறிஞ்சுகுழிக்குக் கீழே காற்றோட்டமுள்ள மண்ணில் அது நைட்ரேட்டாக மாறும். அம்மோனியத்தை மண் ஓரளவு பிடித்துவைக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது.

கேள்வி: கிணற்றுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும்?

பதில்: முதலில் பயண நாளைப் பாருங்கள். மண்ணின் ஊடுருவுதிறனை (நீரை விடும் திறன்) நீர்மட்டச் சரிவால் (ஒரு மீட்டர் தூரத்தில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்குகிறது) பெருக்கி, நுண்துளை விகிதத்தால் வகுத்தால் நீர் நகரும் வேகம். மணலில் ஊடுருவுதிறன் நாளுக்கு 10 மீட்டர், சரிவு 0.005, நுண்துளை 0.25 என்றால் வேகம் நாளுக்கு 0.2 மீட்டர். 30 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றுக்கு 150 நாள்.

சிதைவு வீதம் நாளுக்கு 0.005 என்று வைத்தால், அதாவது ஒவ்வொரு நாளும் மிஞ்சியதில் அரை சதவீதம் குறைந்தால், 150 நாளில் 47 சதவீதம் மிஞ்சும். லிட்டருக்கு 60 மி.கி. நைட்ரஜன் புறப்பட்டால் 28 வந்து சேரும்.

கோளாறு வருவது இந்த வீதத்தில்தான். நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் கரிமப்பொருள் வேண்டும், ஆக்சிஜன் இருக்கக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்கு மேல் இருந்தால் சிதைவை நம்பாதீர்கள், வீதத்தைப் பூஜ்யமாக வைத்து ஒருமுறை கணக்கிடுங்கள். சரிவின் திசை தெரிய, ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்டமாவது வேண்டும். மோட்டார் ஓடும்போது அளக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை அடி தள்ளித் தோண்டலாம்?

பதில்: மண்ணும் சரிவும் சொல்லாமல் அடி சொல்ல முடியாது.

கேள்வி: ரிப்போர்ட்டில் நைட்ரேட் 40. வரம்பு 10 தானே?

பதில்: அலகைப் பாருங்கள்! அந்த 10 (லிட்டருக்கு மி.கி.) நைட்ரஜனாகச் சொல்வது, அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்; அது அமெரிக்க வரம்பு. உங்கள் 40 நைட்ரேட்டாக இருந்தால் 4.43ஆல் வகுங்கள், 9 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நைட்ரேட்டாக 50, அதாவது நைட்ரஜனாக 11.3.

கேள்வி: டேங்கிலிருந்து தள்ளிப்போகப்போக நைட்ரேட் குறைகிறது. சிதைவு நடக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: அவசரப்படாதீர்கள், வெறும் நீர்த்தலாகவும் இருக்கலாம். கழிவுநீரோடு வரும் குளோரைடு சிதையாது, அதையும் அளங்கள். அந்த நிலத்தடி நீரில் இயல்பாக உள்ள குளோரைடைக் கழித்த பிறகு, டேங்க் அருகே 80, கிணற்றில் 40 என்றால் பாதி நீர்த்திருக்கிறது. அப்படியானால் 60 நைட்ரஜன் 30 ஆகியிருக்க வேண்டும். 15தான் இருக்கிறது என்றால் மீதிப் பாதிதான் சிதைந்தது.

மறுப்பு: நீர்த்தாலும் குடிப்பவருக்கு லாபம்தானே? தவிர, பொட்டாஷ் உரத்திலும் குளோரைடு வருமே.

பதில்: இரண்டாவது சரியான பிடி. வயல் பக்கமானால் அசிசல்பேம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பூட்டிகளைத் தேடுங்கள். அவை கழிவுநீரின் அடையாளம். முதலாவதை ஏற்க மாட்டேன். நீர்த்தல் கடன் வாங்கிய சுத்தம். பக்கத்து மனைகளிலும் டேங்க் வந்துவிட்டால் நீர்க்க நல்ல தண்ணீர் எங்கே? மழை பொய்த்தால்?

கேள்வி: பாஸ்பரஸ்?

பதில்: இரும்பு, அலுமினியம், கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், மெதுவாகவே நகரும். அந்த இடங்கள் நிரம்பியதும் தப்பும். அருகில் ஏரி இருந்தால் கவலைப்படுங்கள்.

கேள்வி: 50 அடி போதுமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: தண்ணீரைக் கொதிக்கவைத்தால்?

பதில்: நீர் ஆவியாகி நைட்ரேட் செறிவு கூடும். வரம்பு மீறிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கவே கூடாது.