பழைய பிரெஞ்சு சிவப்பு ஒயின்: சேகரிப்பு, ஏலம் – கேள்வி பதில்

சில கேள்விகளை நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு பாட்டில் ஒயின் ஐந்தரை லட்சம் டாலருக்குப் போனதாமே, உண்மையா சார்?

உண்மைதான். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் சாத்பீஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1945ஆம் ஆண்டு விளைச்சலின் ரொமானே-கோன்டி ஒயின் ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. ஏலத்துக்கு முன் சொன்ன மதிப்பீடு 32,000 டாலரைத் தாண்டவில்லை. பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் இருக்கும் அந்தத் திராட்சைத் தோட்டமே சுமார் 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர்தான். அந்த வருடம் கிடைத்ததும் ஏறக்குறைய 600 பாட்டில். அதற்குப் பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த ஒயின் 1952இல்தான் வந்தது.

ஆனால் இதெல்லாம் எந்த 1945 பாட்டிலுக்கும் பொருந்தும். இந்தப் பாட்டில் இருந்த இடம்தான் விசேஷம். அது பர்கண்டியின் போன் (Beaune) நகரத்து ஒயின் வணிகர் ரொபேர் துருவானின் சொந்த நிலவறையிலிருந்து வந்தது. அந்தத் தோட்டத்து ஒயினை பிரான்ஸில் பல வருடம் விநியோகித்ததே அவர் குடும்ப நிறுவனம்தான். தோட்டத்திலிருந்து அவர் நிலவறைக்கு, அங்கிருந்து ஏலத்துக்கு. நடுவில் யார் யார் கையிலோ புரண்டு வந்த பாட்டில் இல்லை என்பதற்குத்தான் அந்தப் பணம்.

கேள்வி: போலிகளைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிட முடியாதா?

பார்த்தே கண்டுபிடிக்க முடிந்திருந்தால் போலி ஒயின் விற்ற ரூடி குர்னியாவான் என்பவர் அத்தனை பேரை ஏமாற்றியிருக்க முடியாது. 2006இல் அவர் சரக்கு இரண்டே ஏலங்களில் சுமார் 3.5 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் புதியவர்கள் இல்லை, ருசி தெரிந்தவர்கள்.

அவரைக் காட்டிக்கொடுத்தது நாக்கு அல்ல, தேதி. 2008இல் அவர் ஏலத்துக்குக் கொடுத்தவற்றில் பர்கண்டியின் பொன்சோ தோட்டத்துப் பெயரில் க்லோ சேன்-தெனி என்ற ஒயின், 1945ஆம் ஆண்டுடையது, இருந்தது. பொன்சோ குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்க ஆரம்பித்ததே 1980களில்தான்! அந்தக் குடும்பத்து லோரான் பொன்சோ பிரான்ஸிலிருந்து நியூயார்க் ஏல அரங்குக்கே வந்துவிட்டார், அந்தப் பாட்டில்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2012இல் குர்னியாவானைக் கைது செய்தபோது அவர் வீட்டில் ஆயிரக்கணக்கில் அச்சடித்த லேபிள்கள் கிடைத்தன. 2014இல் பத்து வருடச் சிறை.

ஆகவே முதலில் ஏட்டைப் பாருங்கள். அந்த வருடம் அந்தத் தோட்டம் அந்த ஒயினைத் தயாரித்ததா? அந்த அளவுப் பாட்டிலில் அடைத்ததா? முதலில் வாங்கியவரின் ரசீது இருக்கிறதா? லேபிளின் அழகெல்லாம் அப்புறம். அறுபது வருடப் பாட்டிலில் பளபளவென்று லேபிள் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கேள்வி: அண்ணா, பாரிஸில் ஒரு உணவகத்தில் வேலை செய்கிறேன். கடையை மூடும்போது முதலாளி 1996 லின்ச்-பாஜ் (பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்) ஒரு பாட்டில் கொடுத்தார். சமையலறை அலமாரியில் நிற்க வைத்திருக்கிறேன். விற்றால் என்ன கிடைக்கும்?

தம்பி, முதலில் அதை அந்த அலமாரியிலிருந்து இறக்குங்கள். ஒயினுக்கு வேண்டியது 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, கொஞ்சம் ஈரப்பதம். படுக்க வைத்தால்தான் கார்க் காயாது. போர்தோ பாட்டிலில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தின் அடிப்பகுதி வரை இருந்தால் இந்த வயதுக்கு நல்லது. கழுத்துக்குக் கீழே பாட்டில் அகலும் தோளில் பாதிக்கு இறங்கியிருந்தாலோ கார்க்கைச் சுற்றிக் கசிந்திருந்தாலோ விலை அடிபடும்.

ஏலத்தில் கொடுத்தால் எங்கே எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். நல்ல ஒயின்தான், பெரிய தொகை வராது. நானாக இருந்தால் அந்த முதலாளியைச் சாப்பிடக் கூப்பிட்டுத் திறந்துவிடுவேன்.

கேள்வி: ஏலத்தில் 1,000 யூரோவுக்குக் கேட்டேன், பில் அதைவிட நிறைய வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. சுத்தியல் தட்டிய விலைக்கு மேல் வாங்குபவரிடம் கமிஷன் வாங்குவார்கள். பெரிய நிறுவனங்களில் 20 முதல் 25 சதவீதம் வரை சாதாரணம். அனுப்பும் செலவும் வரியும் தனி. இவற்றைக் கழித்துவிட்டு, எவ்வளவு வரை போகலாம் என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: முதலீடாக வாங்கலாமா?

போர்தோவின் பெயர்பெற்ற லஃபீத் ஒயினின் 2008ஆம் ஆண்டுப் பாட்டில் கதையைக் கேளுங்கள். 2010இல் அந்தப் பாட்டிலில் சீன எழுத்தில் எட்டு என்று பொறிக்கப்போவதாக அறிவித்தார்கள். சீனர்களுக்கு எட்டு ராசியான எண், விலை தாவி ஏறியது. ஹாங்காங் 2008இலேயே ஒயின் வரியை எடுத்துவிட்டதால் பணமும் அங்கேதான் குவிந்தது. 2011க்குப் பிறகு விலை சரிந்தது, உச்சத்தில் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். குடிக்க ஆசையில்லாத ஒயினை வாங்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கேள்வி: நாற்பது வருடப் பாட்டிலைத் திறக்கும்போது கார்க் உடைந்துவிடுகிறதே?

திருகு ஊசியை விட்டுவிட்டு இரண்டு தகடு உள்ள திறப்பானை வாங்குங்கள். தகடுகளை கார்க்கின் இரு பக்கமும் மெல்ல ஆட்டி இறக்கி, திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும். அப்படியும் கார்க் உடைந்தால் கவலை வேண்டாம், சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும்.