கிரீம் டப்பாவும் கதாநாயகியும்: ஒரு கடிதம், ஒரு பதில்

வணக்கம் அக்கா,

என் மகளுக்குப் பதினைந்து வயது, படிவம் மூன்று படிக்கிறாள். போன வருடம் வரை பள்ளி வலைப்பந்துக் குழுவில் இருந்தாள். வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவேன் என்று இப்போது விலகிவிட்டாள். அவள் மேசை டிராயரில் ஒரு கிரீம் டப்பா பார்த்தேன். ஏழு நாளில் வெள்ளையாகலாம் என்று தோழி சொன்னாளாம், இணையத்தில் வாங்கினாளாம். எந்நேரமும் தமிழ்ப் படம், சீரியல். அது இல்லாவிட்டால் போனில் அதே நடிகைகள். என் மாமியார் வேறு, "பிள்ளை வரவர கறுத்துப் போகுதே" என்பார். மூத்தவன் அவளைக் கருவாச்சி என்றுதான் கூப்பிடுவான், விளையாட்டுக்கு. அவனுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஆஸ்ட்ரோ டிவி இணைப்பை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். சரியாக வருமா?

பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரி,

ஆஸ்ட்ரோவை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த டப்பா.

நம் மலேசியாவில் விற்கும் எந்த அழகுப் பொருளும் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள், NOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்த எண் இல்லையென்றால் டப்பாவைத் தொடவே வேண்டாம். இருந்தாலும், அமைச்சின் இணையத்தளத்தில் ரத்து செய்யப்பட்டவற்றின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முகம் வெளுக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கண்டுபிடித்து அவ்வப்போது அறிவிக்கிறார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவள் முகம் துடைத்த துண்டு வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் பரவக்கூடியது. ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கிவிடும், திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். ஏழு நாளில் பலன் என்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். திட்டாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

சரி, ஆஸ்ட்ரோ.

பீஜித் தீவு நமக்கு ஒருவகையில் சொந்தம். நம் முன்னோர் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, இங்கே வந்த அதே காலத்தில், கரும்புத் தோட்டத்துக்கென்று அங்கே போன தமிழர்களும் உண்டு. ஆனால் நான் சொல்ல வருவது அத்தீவின் பூர்வகுடிப் பெண்பிள்ளைகளைப் பற்றி. அங்கே வழிவழியாக உடம்பு பூசினாற்போல இருப்பதுதான் அழகு. யாராவது மெலிந்தால் வீட்டில் கவலைப்படுவார்கள். நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில், ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றிக் கேட்டார். மூன்று வருடம் கழித்து, 1998இல், அதே வயது மாணவிகளிடம் மறுபடி கேட்டார். சாப்பிடும் பழக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்கள் முதலில் ஒருவரும் இல்லை, பிறகு 11.3 விழுக்காடு. இரண்டு தடவையும் கேட்டது அறுபத்துச் சொச்சம் பேரிடம்தான், அதுவும் வேறு வேறு பிள்ளைகள். ஆகவே இதை வைத்து டிவிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும், டிவியில் வருகிறவர்களைப் போல ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இருப்பது அதே பெக்கரும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில். பிள்ளை தானே எவ்வளவு பார்க்கிறாள் என்பதைவிட, அவளுடைய தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதோடுதான் இந்தக் கோளாறு அதிகம் ஒட்டிவந்தது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. கிரீமைப் பற்றி உங்கள் மகளுக்குச் சொன்னது டிவி இல்லையே, தோழிதானே? வீட்டில் இணைப்பை வெட்டினால் நாளைக்குப் பள்ளி கேண்டீனில் அதே பேச்சு நடக்கும்.

கேண்டீன் மட்டும் என்ன, நம் மண்டபங்களிலும் நடக்கிறது. செராஸ் பக்கம் ஒரு சடங்குக்குப் போயிருந்தேன். வாசலில் ஆளுயரப் பேனர், அதில் பிள்ளையின் படம். கன்னத்தில் ஒரு நிழல் இல்லை, மூக்கோரம் ஒரு கோடு இல்லை, அப்படியொரு வெளுப்பு. மேடையில் பிள்ளைக்கு மேக்கப் இரண்டு மூன்று நிறம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். காது மடலும் விரல் மூட்டுகளும் மட்டும் அவளுடைய நிறத்தில் இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் முதலில் பேனரைப் பார்த்து, "சினிமா நடிகை மாதிரி இருக்கு" என்றார்கள். பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு எந்தப் படமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அத்தை, சித்தி, பெரியம்மா. சினிமா ஓர் அளவுகோலைச் செய்து கொடுக்கிறது, அதைக் கையில் எடுத்துப் பிள்ளைகளை அளக்கிறவர்கள் நாம்தான். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்வது உங்களுக்குச் சங்கடம் என்று புரிகிறது. உங்கள் கணவர் சொல்லட்டும், அவருடைய அம்மாதானே.

படம் பார்ப்பதைத் தடுப்பதற்குப் பதில் அந்தக் கதாநாயகி எப்படித் தயாராகிறார் என்று மகளோடு பேசிப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் திரைக்குப் பின்னால் நடப்பது ரொம்பப் பிடிக்கும். மும்பையிலிருந்து ஒரு முகம், அதற்கேற்ற விளக்கு, அப்புறம் கம்ப்யூட்டரில் நிறத்திருத்தம். பல நேரங்களில் வாயசைப்பது ஒருவர், பேசுவது இன்னொருவர். சரிதாவை உங்களுக்கு நினைவிருக்கும். பாலசந்தர் அறிமுகப்படுத்திய நடிகை, நல்ல கறுப்பு, அந்தக் கண்ணை மறக்க முடியுமா? பின்னாளில் நக்மா உட்பட எத்தனையோ சிவந்த நாயகிகளுக்கு அவர்தான் டப்பிங் குரல் கொடுத்தார். குரல் வேண்டியிருந்தது, அந்த நிறம் மட்டும் வேண்டியிருக்கவில்லை. இதைக் கேட்டால் உங்கள் மகளுக்குக் கோபம் வரும் என்று நினைக்கிறேன். வரட்டும். கண்ணாடி முன்னால் நின்று தன்மேல் கோபப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வலைப்பந்துக்குத் திரும்பிப் போ என்று இப்போதே கட்டாயப்படுத்த வேண்டாம். விளையாட்டு ஆசிரியரிடம் மட்டும் காதில் போட்டு வையுங்கள். குழுவுக்கு ஆள் குறைகிறது என்று அவரே கூப்பிட்டால் அதற்கு இருக்கும் மதிப்பு அம்மா கெஞ்சினால் இருக்காது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. மூத்தவனுக்கு இந்தக் கவலை கிடையாது என்கிறீர்கள். எப்படி இருக்கும்? ரஜினி, விஜயகாந்த், முரளி, தனுஷ், விஜய் சேதுபதி என்று அவன் நிறத்தில் நாயகர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜோடியாக வருகிற பெண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் வெள்ளை வெளேர். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து போகிறான், தங்கை கிரீம் தேடுகிறாள். தனக்கு வரப்போகிறவள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவன் அங்கேதான் படிக்கிறான். கருவாச்சி என்பது உங்களுக்கு விளையாட்டாகப் படுகிறது. அவளிடம் கேட்டீர்களா?

இருவரும் உங்கள் பிள்ளைகள், நிறமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அவனை யாராவது, என்றைக்காவது, வெயிலில் பந்தாடாதே என்று சொன்னதுண்டா என்று அவனையே கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.