நாய் சொறிகிறது, ஷம்பூ போத்தல்தான் தீர்கிறது

கேள்வி: எங்கள் நாய்க்கு மூன்று வயது. ஊர் நாயும் பொமரேனியனும் கலந்தது. வீடு மட்டக்களப்பு கல்லடியில், வளவு முழுக்க மணல். ஆறு மாதமாக ராவும் பகலும் சொறிகிறான், வால் அடியில் மயிர் கொட்டி தோல் கறுத்துப்போச்சு. கடையில் சொன்ன மருந்து ஷம்பூ மூன்று போத்தல் முடிந்துவிட்டது. குளிப்பாட்டின அன்று நல்லா இருக்கிறான், மூன்றாம் நாள் பழையபடிதான். நானும் தேடிப் பார்த்தேன், ஒரு தெள்ளும் கண்ணில் படவில்லை. இனி எந்த ஷம்பூ வாங்கலாம்? மனிசி இனி ஒரு சதமும் தரமாட்டேன் என்கிறா.

பதில்: மனிசி சொல்வதுதான் சரி, நாலாவது போத்தல் வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் பெரிய துப்பு வால் அடிதான். வால் அடியிலும் முதுகின் பின்பாதியிலும் மயிர் கொட்டினால் முதலில் தெள்ளைத்தான் சந்தேகிக்க வேண்டும். கண்ணில் படவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு இரண்டு மூன்று கடியே நாள் கணக்கில் சொறிய வைக்கப் போதும், அதற்குள் நாயே அதைக் கடித்து விழுங்கியும் இருக்கும். ஒரு வெள்ளைக் கடதாசியை நனைத்து நாய்க்குக் கீழே விரித்து, வால் பக்கத்தைச் சீப்பால் இழுத்துப் பாருங்கள். விழுகிற கறுப்புத் தூள் ஈரத்தில் செம்மண் நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் இரத்தம். கறுப்பாகவே கிடந்தால் அது வெறும் ஊத்தை.

ஷம்பூ அன்றைக்கு உடம்பில் இருந்ததைக் கொன்றிருக்கும், தண்ணீரோடு மருந்தும் போயிற்று. முட்டைகள் நாயின் உடம்பில் தங்குவதில்லை, அது படுக்கிற சாக்கிலும் படிக்கட்டுக்குக் கீழேயும் தண்ணித் தாங்கி நிழலிலும் உதிர்ந்து கிடக்கும். வெயில் சுடுகிற வெறும் மணலில் முட்டையிலிருந்து வருகிற புழு பிழைக்காது, நிழல் மணலில் நல்லாப் பிழைக்கும். அந்தப் புழு கூடு கட்டிக்கொண்டால் உள்ளே மாதக் கணக்கில்கூட காத்திருக்கும். அதனால்தான் மூன்றாம் நாள் பழையபடி.

அப்ப காசை எதில் போடுவது? மிருக வைத்தியரிடம் கேட்டு, தின்னக் கொடுக்கிற தெள்ளு உண்ணி மாத்திரை அல்லது பிடரியில் ஊற்றுகிற மருந்து. ஃபுளூரலனர் சேர்ந்த மாத்திரை ஒன்று தெள்ளுக்கு 12 வாரம் நிற்கும். விலையைக் கேட்டதும் தலை சுற்றும்தான், ஆனால் அதை 12 ஆல் வகுத்து வருகிற ஒரு கிழமைச் செலவை, உங்கள் மூன்று போத்தலின் ஒரு கிழமைச் செலவோடு வைத்துப் பாருங்கள். மாத்திரை நாயின் நிறைக்கு ஏற்றபடிதான் வருகிறது, ஆகவே நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி உங்கள் நிறையைக் கழித்துவிட்டுப் போங்கள். பெரிய நாயின் மாத்திரையை வாங்கி இரண்டாக உடைப்பது சிக்கனம் இல்லை, பாதியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் அதற்கு ஆகாது. ஊற்றுகிற மருந்து என்றால் குளிப்பாட்டிய கையோடு ஊற்ற வேண்டாம், இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பு இல்லை.

வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும், ஆனால் நாயின் மருந்தை ஒருபோதும் பூனைக்கு ஊற்றாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் பூனை செத்தே போகும். சாக்கைச் சுடுதண்ணீரில் போட்டு வெயிலில் காயவைக்கிற வேலை கிழமைக்கு ஒருமுறை, மூன்று மாதம்.

தூளும் கறுப்பாகவே இருந்து, காது விளிம்பும் முழங்கையும் சொறியாகி வீட்டில் உங்களுக்கும் உடம்பு அரித்தால் அது வேறு சொறி. கால் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்து காதும் மணத்தால் அது ஒவ்வாமைப் பக்கம். இரண்டும் வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியவை, கடைக்காரர் அல்ல. ஷம்பூவே வேண்டாம் என்று சொல்லவில்லை, பருப்பருவாகச் சீழ் வைத்தால் குளோர்ஹெக்சிடின் ஷம்பூ உதவும், நுரை 10 நிமிடம் உடம்பில் இருந்தால் மட்டும். நாமோ இரண்டு நிமிடத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம்.

கேள்வி: அக்கரைப்பற்றுப் பக்கம் மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கிற மருந்து மலிவாகக் கிடைக்கிறது. நாய்க்கும் அதையே போடலாமா? சிலர் பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொல்கிறார்கள்.

பதில்: ஒயில் வேண்டவே வேண்டாம். நாய் அதை நக்கும், தோல் வெந்து ஈரலும் கெடும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். மாட்டு மருந்தில் அமிட்ராஸ் இருந்தால் அதே மருந்தை நாய்க்கும் வைத்தியர்கள் பாவிப்பதுண்டு, ஆனால் கலக்கிற அளவு வேறு, காயும் வரை நக்கவிடக் கூடாது, வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் அவர் கையால் தொடவும் கூடாது. போத்தல் மூடியால் அளந்து ஊற்றுகிற வேலை இது இல்லை. மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியும் அப்படித்தான், கொலி (Collie) என்ற மேய்ப்பு நாய் இனம் கலந்த நாய்கள் அதில் சரிந்து விழக்கூடும்.

கேள்வி: வாங்கிய தெள்ளு மருந்தில் காலாவதித் திகதிக்கு மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், விற்ற பொருள் திரும்ப எடுக்கமாட்டோம் என்கிறார்கள். பில்லும் தரவில்லை.

பதில்: பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டிக்கரை உரிக்காமல் அப்படியே நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துச் சொல்லுங்கள். மருந்தை நாய்க்கு ஊற்றிவிட்டுப் போகாதீர்கள், வெறும் குழாயைக் காட்டி யாரோடும் வாதாட முடியாது.