ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்கள்: கேள்விகளும் பதில்களும்

சென்னை பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கும் சிவப்பு ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறிஸ்தவ சங்கம்) கட்டடத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், இந்த இயக்கம் எங்கே, எதற்காகத் தொடங்கியது?

லண்டனில், ஒரு துணிக்கடை மாடியில். ஜார்ஜ் வில்லியம்ஸ் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பையன். செயின்ட் பால் தேவாலயத்தை ஒட்டியிருந்த கடையில் வேலை பார்த்தார். பகல் முழுக்கக் கடை, இரவில் அதன் மேலேயே நெருக்கியடித்துக்கொண்டு தூக்கம். வேலை முடிந்தால் போக மதுக்கடையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. 1844 ஜூன் 6 அன்று பன்னிரண்டு பேர் ஓர் அறையில் கூடி, ஜெபத்துக்கும் பைபிள் வாசிப்புக்கும் சங்கம் தொடங்கினார்கள். ஊரை விட்டு வந்த இளைஞனுக்கு ஓர் இடம் வேண்டும். பிறகு கட்டிய அத்தனை கட்டடங்களுக்கும் அதுதான் அடிப்படை.

கேள்வி: பாரிமுனைக் கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கட்டியது யார்?

1890இல் சென்னைச் சங்கத்தைத் தொடங்கியவர் டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர். பெரும் நன்கொடை தந்தவர் பிலடெல்பியாவின் ஜான் வானமேக்கர். பெரிய கடை முதலாளி, அமெரிக்காவின் தபால் துறைத் தலைவராகவும் இருந்தவர். ஆனால் இளவயதில் அந்த ஊர் ஒய்.எம்.சி.ஏ.விலேயே சம்பளம் வாங்கும் செயலாளராக வேலை பார்த்தவர். அதனால்தான் கடல் கடந்த ஊரின் கட்டடத்துக்கும் அவர் உதவிக்கரம் நீண்டது என்று நினைக்கிறேன்.

வரைபடம் போட்டவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ். கட்டியவர் நம்மூர் நம்பெருமாள் செட்டியார். எதிரில் இருக்கும் உயர் நீதிமன்றமும் அவர் கைவேலைதான். அடுத்தமுறை சாலையின் ஒரு பக்கம் நின்று இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். நீதிமன்றம் குவிமாடங்களோடு அகன்று விரிகிறது. இதுவோ ராஜஸ்தான் பாணி வளைவுகளும் மாடங்களுமாகத் தெருவை ஒட்டியே எழுகிறது. வழிப்போக்கனை உள்ளே வா என்று கூப்பிடுகிற கட்டடம் அது. இவ்வளவு அழகான முகப்பைப் பெயர்ப்பலகைகளும் மின்கம்பிகளும் மறைக்கும்போது மனசு வலிக்கிறது.

கேள்வி: இந்தச் சங்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. முழு உறுப்பினராகத் திருச்சபையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பது பழைய விதி. மற்றவர்கள் இணை உறுப்பினர்களாகச் சேரலாம்.

கேள்வி: கூடைப்பந்து இவர்களிடமிருந்துதான் வந்தது என்கிறார்களே, உண்மையா அண்ணா?

உண்மைதான் தம்பி. 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு. ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் உள்ளேயே ஆட ஒரு விளையாட்டைத் தேடினார். உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்தளக் கைப்பிடியில் பீச் பழக்கூடைகளை அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்து அடி உயரம். இன்றும் உலகம் முழுக்க வளையம் பத்து அடியில்தான் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் அளவே ஆட்டத்தின் விதியாகிவிட்டது!

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் எது?

ஜெருசலேம். யோசிக்கவே வேண்டியதில்லை. 1933இல் திறந்தது. வரைந்தவர் ஆர்தர் லூமிஸ் ஹார்மன். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை வடிவமைத்த நிறுவனத்தின் பங்காளி. முகப்பில் மூன்று வாசகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். எபிரேயத்தில் ஆண்டவர் ஒருவரே என்பது, இயேசு பேசிய அரமேய மொழியில் நானே வழி என்ற அவரது சொல், அரபியில் அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்பது. அந்த ஊரில், ஒரு கிறிஸ்தவ அமைப்பு, தன் வாசலிலேயே இதைக் கல்லில் வைத்தது பெரிய காரியம்.

கேள்வி: நந்தனம் உடற்கல்விக் கல்லூரியும் இவர்களுடையதுதானே?

ஆமாம். சென்னைக்கு வந்த அமெரிக்க உடற்கல்வியாளர் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கியது. இந்தியாவில் உடற்பயிற்சி ஆசிரியர்களை முறையாகப் பயிற்றுவிக்கும் வேலை அங்கேதான் வேரூன்றியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியுடன் பக்கும் போனார். பாரிமுனையில் ஒரு மாளிகைக்குள் அடங்கிய வேலைக்கு அடையாற்றங்கரையில் பரந்த மைதானமே கிடைத்தது. போய்ப் பார்க்க நினைத்தால் காலையில் பிள்ளைகள் ஓடும் நேரத்துக்குப் போங்கள்.