மலிவு பெட்ரோல் யாருக்கு லாபம்?

கேள்வி: பெட்ரோல், டீசல் மானியம் ஏழைகளுக்குத்தானே? பருவநிலையைக் காரணம் காட்டி அதை நிறுத்தச் சொல்வது நியாயமா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் இரண்டு கார் வைத்திருப்பவருக்குத்தான் பெரும்பங்கு போகும், பேருந்தில் போகிறவருக்கு டிக்கெட்டில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். எண்ணெய் மலிவாகக் கிடைக்கும்போது மின்வண்டிக்கு யார் மாறுவார்? நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மானியங்களைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று ஜி20 நாடுகள் 2009இல் பிட்ஸ்பர்க்கில் சொல்லிவிட்டன. ஆனால் 2022இல் உலகம் முழுக்க இவற்றுக்கான நேரடி மானியம், அதாவது அடக்கவிலைக்கும் குறைவாக விற்பதால் ஆகும் செலவு மட்டுமே 1.3 லட்சம் கோடி டாலர் என்கிறது சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.

சரி, அதற்காக ஒரே ராத்திரியில் வெட்டினால்? அப்போதும் அடி ஏழைக்குத்தான். ஈக்வடாரில் 2019 அக்டோபரில் அதிபர் மொரேனோ அப்படித்தான் செய்தார், பழங்குடி மக்கள் தலைநகர் கீட்டோவுக்குத் திரண்டு வந்துவிட்டார்கள், இரண்டு வாரத்துக்குள் ஆணையை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. ஈரான் 2010 டிசம்பரில் கொஞ்சம் யோசித்துச் செய்தது: விலையை ஏற்றும் முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டது. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன, விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையையும் உயர்த்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாததால் சில வருடங்களில் அதன் மதிப்பு கரைந்துபோயிற்று.